பாய் சுருட்டிய ஊரில் டபுள் காட்

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்பார்கள். தூங்குகிறவனுக்குச் சுகம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் காலையில் எழுந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து வெளியே வருகிறவனுக்கு அது நன்றாகவே தெரியும்!

காஞ்சிபுரத்துத் தெருக்களில் முகூர்த்த மாதங்களில் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. மினி வேனில் கட்டில், மெத்தை, பீரோ எல்லாம் வந்து இறங்கும். இறக்கிய பிறகுதான் தெரியும், கட்டிலின் தலைமாட்டுப் பலகை உள் அறைக் கதவு வழியாக நுழையாது என்று. நேராகப் பிடித்துப் பார்ப்பார்கள், சாய்த்துப் பார்ப்பார்கள், தெருவே கூடி யோசனை சொல்லும். கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றுவார்கள். கட்டில் உள்ளே போன பின் கதவை மறுபடி மாட்டுவார்கள். அப்புறம் அந்தக் கட்டில் வெளியே வருவது கஷ்டம்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயமும் கூட. ஒரு சின்ன வீட்டில் அளக்காமல் வாங்கிய கட்டில் யாரோ ஒருவர் படுக்கும் இடத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் வாய் திறந்து சொல்ல மாட்டார்.

நெசவாளர் வீட்டின் கணக்கு

பிள்ளையார்பாளையம் பக்கம் பழைய நெசவாளர் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பு குறுகல், நீளம் அதிகம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். உள்ளே நுழைந்தால் கூடத்தில் தறி. வீட்டின் நல்ல இடத்தை அதுதான் வைத்துக்கொள்ளும், ஏனென்றால் சோறு போடுவது அதுதான்.

பட்டுப் புடவையின் அகலமே ஏறக்குறைய 4 அடி. தறியின் சட்டம் அதைவிட அகலம். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று கோர்வைப் புடவை நெய்தால் நெய்கிறவருக்குப் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள இன்னொருவரும் உட்கார வேண்டும். பாவு நீண்டு நிற்க நீளம் வேண்டும். குழித்தறியாக இருந்தால் காலை விட்டு மிதிக்கத் தரையில் குழியும் உண்டு. இவ்வளவும் போக மிச்சம் இருப்பதுதான் வீடு!

அந்த மிச்சத்தில் தனியாகப் படுக்கையறை என்று ஒன்று பழைய காலத்தில் கிடையாது. உள்ளே ஒரு அறை இருக்கும். பகலில் அதில் அரிசி மூட்டை இருக்கும், நெய்த புடவையை மடிப்பார்கள், பிள்ளைகள் படிப்பார்கள். ராத்திரி ஆனால் மூலையில் சாய்த்து வைத்த கோரைப் பாய்கள் விரியும். விடிந்தால் சுருட்டப்படும். ஒரே 70 சதுர அடி, ஒரு நாளில் மூன்று விதமாக வேலை செய்யும்.

இந்த ஊருக்குப் படுக்கையைச் சுருட்டுவது புதிதல்ல. சாமியே சுருட்டிய ஊர் இது! சின்ன காஞ்சிபுரத்தில் யதோக்தகாரி என்ற சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயில் இருக்கிறது. பல்லவ மன்னன் ஒருவன் தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்னபோது கணிகண்ணன் மறுத்தார். ஊரை விட்டுப் போ என்றான் மன்னன். சீடன் கிளம்பியதும் குரு திருமழிசை ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் கேட்டுக்கொண்டபடி பெருமாளும் தன் பாம்புப் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்துவிட்டார் என்பது தலபுராணக் கதை. அவர்கள் ஒரு ராத்திரி தங்கிய இடம்தான் ஓரிரவிருக்கை, இன்றைய ஓரிக்கை என்பார்கள். மன்னன் மன்னிப்புக் கேட்டபின் திரும்பி வந்த பெருமாள், பழைய திசைக்கு மாறாகத் தலையை மாற்றிப் படுத்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். படுக்கை இடத்தை அடைக்காமல், தேவைப்பட்டபோது எழுந்து போக விட வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா என்ன!

7 அடி அறையில் 5 அடி கட்டில்

சரி, கதையை விட்டுவிட்டுக் கணக்குக்கு வரலாம். 7 அடி அகலம், 10 அடி நீளம் உள்ள ஒரு அறை. இது ஏதோ வேண்டுமென்றே எடுத்த சின்ன அளவு கிடையாது. இந்திய தேசியக் கட்டட விதித் தொகுப்பு, இரண்டு அறை உள்ள வீட்டில் இரண்டாவது அறைக்கு 7.5 சதுர மீட்டர் பரப்பும் 2.1 மீட்டர் அகலமும் இருந்தால் போதும் என்கிறது. 2.1 மீட்டர் என்பது 7 அடிக்கும் ஒரு அங்குலம் குறைவு. ஆகவே பழைய வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, புது வீடு கட்டுகிறவர்களும் இதே அகலத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

கடையில் 'குயின் சைஸ்' என்று விற்பது 5 அடிக்கு 6½ அடி மெத்தை. கட்டிலின் சட்டத்தையும் தலைமாட்டையும் சேர்த்தால் 5¼ அடிக்கு 6¾ அடி என்று வைத்துக்கொள்ளலாம். சுவரை ஒட்டிப் போட்டால் பக்கத்தில் மிஞ்சுவது 1¾ அடி. வழக்கமான இரும்பு பீரோவின் ஆழமே ஏறக்குறைய 1½ அடி. அதை அந்தப் பக்கம் வைத்தால் நடுவில் மூன்று அங்குலம்தான் இருக்கும், கதவைத் திறக்கவே முடியாது. ஆகவே பீரோ கால்மாட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே மிச்சம் 3¼ அடி. அறைக் கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் அதற்கே 2½ அடி போய்விடும். பீரோ திறந்தால் அறைக் கதவு திறக்காது, அறைக் கதவு திறந்தால் பீரோ திறக்காது.

சுவரை ஒட்டிப் போட்ட இரட்டைக் கட்டிலில் இன்னொரு சங்கடமும் உண்டு. சுவர்ப் பக்கம் படுத்தவர் ராத்திரி எழுந்தால் வெளிப்பக்கம் படுத்தவரைத் தாண்டித்தான் வர வேண்டும். விரிப்பு மாற்றுவதற்கு மெத்தை மேலேயே மண்டி போட்டு ஏற வேண்டும். இப்படியெல்லாம் கடையில் யாரும் சொல்வதில்லை. கடையின் ஹால் 40 அடி அகலம். அதன் நடுவில் எந்தக் கட்டிலும் சின்னதாகத்தான் தெரியும்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிற ஒன்று, வாய்ப்புச் செலவு. ஒன்றை எடுத்துக்கொண்டால் அதனால் கைவிட்ட இன்னொன்றின் மதிப்புதான் உண்மையான செலவு. கட்டிலின் விலையைப் பில்லில் பார்க்கலாம். அது அடைத்துக்கொண்ட 35 சதுர அடியின் விலை எந்தப் பில்லிலும் வராது. பகலில் புடவை மடிக்க இடமில்லை, பெண் உட்கார்ந்து படிக்க இடமில்லை, வந்த விருந்தாளி படுக்க இடமில்லை. தேய்மானம் கட்டிலுக்கு மட்டும் கிடையாது, வீட்டு மனிதர்களுக்கும் உண்டு.

பாட்டி எங்கே போனாள்?

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். கூடத்தில் தறி. அப்பாவும் அம்மாவும் நெய்கிறார்கள். பாட்டி இருக்கிறாள், கல்லூரி போகும் பெண் இருக்கிறாள். மகன் தறியில் உட்காரவில்லை. இன்றைய காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் பலரைப் போல ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறான். உள் அறையில் இதுவரை பாட்டியும் பேத்தியும் பாய் போட்டுப் படுத்தார்கள்.

மகனுக்குக் கல்யாணம். பெண் வீட்டார் சீராக டபுள் காட் கட்டில் கொடுக்கிறார்கள். அந்த அறையை அவர்கள் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் இஞ்சு டேப் எடுத்து அளந்திருக்க மாட்டார்கள், அது மரியாதையாக இருக்காது. "எங்க பொண்ணுக்குச் சின்னக் கட்டில் கொடுத்தாங்கன்னு நாலு பேர் சொல்லக் கூடாது" என்பது அவர்கள் கவலை. "இவ்வளவு பெரிசு எங்களுக்கு வேண்டாம் சம்பந்தி" என்று சொன்னால் குறை சொன்னதாகிவிடுமோ என்பது இவர்கள் கவலை. இரண்டு பக்கத்து மரியாதையும் சேர்ந்து அறையை அடைத்துவிடுகிறது. 1961ஆம் வருட வரதட்சணைத் தடைச் சட்டம் கேட்டு வாங்குவதைத் தடுக்கிறது. கேட்காமல், 'பிரியப்பட்டு' என்ற பெயரில் வருவதை எந்தச் சட்டம் தடுக்கும்?

புதுத் தம்பதிக்கு அறை. பேத்தி சமையலறை ஓரத்துக்குப் போகிறாள். பாட்டி எங்கே போனாள்? கூடத்துக்கு, தறிக்குப் பக்கத்தில். ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டி எழுந்து பின்கட்டுக்குப் போக வேண்டும். விளக்குப் போட்டால் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள் என்று இருட்டிலேயே தடவிக்கொண்டு நடப்பாள். ஒரு பக்கம் தறிச் சட்டம், இன்னொரு பக்கம் தறிக்குழி. வயதான காலத்தில் ஒரு தடவை தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதில் பெரிய முரண் ஒன்று இருக்கிறது. அந்த வீட்டில் கட்டில் உண்மையிலேயே தேவைப்படுகிறவள் பாட்டிதான். வருடக்கணக்காகக் குழித்தறியில் குனிந்து உட்கார்ந்தவர்களுக்கு முதுகும் முட்டியும் எப்படி இருக்கும்? தரையிலிருந்து எழுந்திருக்க அவளுக்கு ஒரு கை வேண்டும். ஒன்றரை அடி உயரக் கட்டில் இருந்தால் காலைத் தொங்கப் போட்டு, தானே எழுந்துவிடுவாள். ஆனால் கட்டில் வந்ததும் அவள்தான் தரையில் இன்னும் மோசமான இடத்துக்குத் தள்ளப்படுகிறாள்!

அப்படியானால் பாய்க்கே திரும்பிவிடலாமா?

"எல்லோரும் பாயில் படுங்கள், அதுதான் நம் பண்பாடு" என்று சொல்வது சுலபம். சொல்கிறவர்கள் பலரும் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள்.

பாயின் குறைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய வீட்டுத் தரை ஈரம் கோக்கும். பூரான், தேள் பயம் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் மூட்டு வலிக்காரர்களுக்கும் தரையில் படுத்து எழுவது சிரமம். புதுசாகக் கல்யாணமானவர்களுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்பது நியாயமான ஆசை. பழைய கூட்டுக் குடும்பத்தில் அது கிடைக்காமல் எத்தனை பேர் மனசுக்குள் புழுங்கினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்றும் மாறிவிட்டது. பாய் முறை என்பது எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழுந்த காலத்து ஏற்பாடு. நைட் ஷிப்ட் முடித்து காலை எட்டு மணிக்கு வருகிற மகன் எப்போது தூங்குவது? பகலில்தான். அவன் பாயைக் காலையில் சுருட்ட முடியாது. கூடத்தில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, உள் அறையில் அவனுக்குப் பகலிலும் ஒரு படுக்கை வேண்டும். ஆகவே கட்டிலே கூடாது என்பது இன்றைக்குப் பொருந்தாது. எத்தனை அடிக் கட்டில், எங்கே, யாருக்கு என்பதுதான் கேள்வி.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

முதலில் 4 அடிக் கட்டில். 4க்கு 6¼ அடி அளவில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. தம்பதிக்குக் கொஞ்சம் நெருக்கம்தான், ஆனால் தாராளமாகப் போதும். சட்டத்தோடு சேர்த்துக் கணக்கிட்டாலும் 7 அடி அறையில் 2¾ அடி வழி மிஞ்சும். அதில் ஒரு ஆள் பாய் போட்டுப் படுக்கலாம், நாளைக்குக் குழந்தை பிறந்தால் தூளி கட்டி ஆட்டவும் இடம் இருக்கும். டபுள் காட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு அடி. குறுகலான அறையில் அந்த ஒரு அடிதான் நடைபாதை.

இரண்டாவது, 3 அடி ஒற்றைக் கட்டில் இரண்டு. ஒன்றை உள் அறையில் நிரந்தரமாகப் போட்டு, மற்றதைப் பாட்டிக்குக் கொடுக்கலாம். ஒன்றின் கீழ் ஒன்று தள்ளிவிடும்படி உயரம் மாற்றி ஆசாரியிடம் செய்து வாங்கினால், வேண்டும்போது இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். இழுக்கிற பக்கம் இடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மடக்குக் கட்டில். நாடா பின்னிய இரும்புக் கட்டிலைப் பகலில் மடக்கிச் சுவரில் சாய்த்துவிடலாம். ஒரு ஆளுக்குத்தான் சரி. நாடா தொய்ந்தால் முதுகு வலிக்கும், அவ்வப்போது இறுக்கிக் கட்ட வேண்டும்.

சுவரோடு மடங்கும் கட்டிலும் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே அறையில் குடியிருந்த வில்லியம் மர்பி என்பவர், பகலில் நிமிர்த்திச் சுவரோடு மறைத்துவிடும்படி அமைத்துப் புகழ்பெற்றது அது. பிற்காலத்தில் எல்லோரும் அந்த வகையையே 'மர்பி கட்டில்' என்று அழைக்க ஆரம்பித்து, 1989ல் அந்த நாட்டு நீதிமன்றம் அது பொதுப்பெயராகிவிட்டது என்றே சொல்லிவிட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவ்வளவு கனத்தையும் சுவர்தான் தாங்க வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில், அதுவும் பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில், போல்ட் அடிப்பதற்கு முன் கொத்தனாரைக் கேட்பது நல்லது.

ஜப்பானியர்கள் பாய் விரித்த தரையில் மெல்லிய மெத்தை போட்டுப் படுத்து, காலையில் மடித்துச் சுவர் அலமாரிக்குள் வைத்துவிடுவது வழக்கம். அவர்கள் வீட்டில் அதற்கென்றே ஆழமான அலமாரி உண்டு. நம் வீட்டில் பரண் உண்டு. இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டிப் பரணில் போடலாம், வெயிலில் காயப் போடலாம். தென்னை நார் மெத்தையை அப்படிச் சுருட்ட முடியாது என்பதை வாங்கும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

அடியில் பெட்டி வைத்த கட்டில் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இழுப்பறை 2 அடி ஆழம் என்றால் அதை இழுக்கவும் 2 அடி வெளியே வேண்டும். குறுகலான அறையில் பாதிதான் திறக்கும். மேல் பலகையைத் தூக்கித் திறக்கும் வகையே மேல்.

எதை வாங்கினாலும் வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் காரியம் செய்யலாம். கட்டிலின் அளவுக்குப் பழைய செய்தித்தாள்களை ஒட்டி அறைத் தரையில் விரித்து, இரண்டு நாள் அதை மிதிக்காமல் நடமாடிப் பார்க்கலாம். பீரோவைத் திறக்கலாம், கதவைச் சாத்தலாம், ராத்திரி பாட்டியை நடக்கச் சொல்லலாம். செலவு ஒன்றும் இல்லை. கூடவே வாசல், உள் கதவு, படி திரும்பும் இடம் மூன்றையும் அளந்துகொண்டால் ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்ற வேண்டி வராது. பிரித்து மாட்டக்கூடிய கட்டிலாக இருந்தால் இன்னும் நல்லது.

கட்டிக் கொடுக்கிறவர்களும் யோசிக்கலாம்

அரசு உதவியோடு கட்டும் வீடுகளும் சின்னவைதான். மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 269 சதுர அடி. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. கூரை இல்லாதவனுக்கு இது பெரிய விஷயம், குறை சொல்லக் கூடாது. ஆனால் நெசவாளி ஒருவன் இதே அளவில் கட்டினால் அதற்குள் தறியும் நின்றாக வேண்டும். வரைபடம் போடும்போதே தறி எங்கே, கட்டில் எங்கே, பாய் எங்கே என்று மூன்று கட்டங்கள் வரைந்து பார்த்தால் என்ன? கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தால் உள்ளே 2½ அடி மிச்சம். சுவரில் ஒரு அலமாரிக் குழி விட்டால் பீரோவே வேண்டாம். சிமெண்ட் அதிகம் செலவாகாது, யோசனைதான் செலவாகும்.

கடைசியாக, சீர் விஷயம். "உங்க வீட்டு அறை எத்தனை அடி?" என்று சம்பந்தி வீட்டில் கேட்பது அவமானம் இல்லை. ஜாக்கெட் தைக்க அளவு கேட்கிறோம், மோதிரம் செய்ய விரல் அளவு கேட்கிறோம், கட்டிலுக்கு மட்டும் கேட்கக் கூடாதா? மாப்பிள்ளை வீட்டாரும் தைரியமாகச் சொல்லலாம்: "4 அடிக் கட்டில் போதும் சம்பந்தி, மிச்சப் பணம் உங்க பொண்ணு பேர்லயே பேங்க்ல இருக்கட்டும்." பாட்டிக்கு வேண்டிய ஒற்றைக் கட்டிலை அவர்கள் தங்கள் கையால் வாங்கட்டும். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றால், அந்த நாலு பேரில் யாரும் ராத்திரி இரண்டு மணிக்குத் தறிக்குழி ஓரமாக நடக்கப் போவதில்லை.

அடுத்த முகூர்த்தத்துக்குக் கட்டில் பார்க்கப் போகிறவர்கள் பையில் ஒரு இஞ்சு டேப் எடுத்துப் போங்கள். போவதற்கு முன், வீட்டில் இருக்கிற பெரியவரிடம் "நீங்க எங்கே படுத்துக்கறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.